சிறுநீரா, பித்தநீரா, கல்லீரலா: சுண்டெலியில் பாராசிட்டமாலைப் பின்தொடர எந்த வழி?

கல்லீரலைக் கெடுக்கும் ஒரு மருந்தைச் சுண்டெலிக்குக் கொடுத்து, அது உடம்புக்குள் எப்படி உருமாறுகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்கத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் சிறுநீரையும் மலத்தையும் பிரித்துச் சேகரிக்கும் மெட்டபாலிக் கூண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கூண்டு இருக்கிறது, சிறுநீர் விழுகிறது, கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அதன் நிறையால் அளக்கும் எல்சி-எம்எஸ் கருவி பக்கத்து அறையில் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. அந்த நினைப்போடு கொஞ்சம் மல்லுக்கு நிற்கத்தான் இந்தக் கட்டுரை.

முன்னால் இருப்பவை மூன்று வழிகள். 24 மணி நேரச் சிறுநீரையும் மலத்தையும் சேகரிப்பது ஒன்று. பித்தநாளத்தில் குழாய் செருகிப் பித்தநீரை எடுப்பது இன்னொன்று. சுண்டெலியிடம் துளித்துளியாக இரத்தம் எடுத்துக்கொண்டு, கூடவே சில சுண்டெலிகளின் கல்லீரலை நேரம் பார்த்து உறையவைப்பது மூன்றாவது. எடுத்துக்கொள்ளும் மருந்து பாராசிட்டமால். சுண்டெலியில் இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்ட கல்லீரல் நச்சு மருந்துகள் மிகச் சிலவே. 1973-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த மிட்செல், ஜாலோ, ப்ரோடி குழுவினர் தொடர்ச்சியாக வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து இன்றுவரை அடிப்படை விஷயங்கள் உறுதியாக நிற்கின்றன. வேறு மருந்தை எடுத்துக்கொண்டாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய இவையேதான்.

மருந்து போகும் வழி

கல்லீரல் உயிரணுவுக்குள் வந்த பாராசிட்டமாலுக்கு மூன்று கதவுகள். பெரும்பகுதி குளூக்குரோனிக் அமிலத்தோடு இணைந்து குளூக்குரோனைடு ஆகிறது. இன்னொரு பகுதி சல்பேட் ஆகிறது. இரண்டும் நீரில் எளிதாகக் கரையும், தீங்கில்லாதவை. மிச்சத்தில் ஒரு பங்கை சைட்டோகுரோம் பி450 நொதிகள், முக்கியமாக சிப்2ஈ1, ஆக்சிஜனேற்றி நாப்கி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குயினோன் இமைனாக மாற்றுகின்றன. கல்லீரலைக் கெடுப்பது இதுதான். சிப்2ஈ1 மரபணு நீக்கிய சுண்டெலிகள் பாராசிட்டமாலைப் பெருமளவு தாங்கிக்கொள்வதை 1996-இல் காட்டினார்கள்.

நாப்கி உருவானதும் அதைக் கல்லீரலின் காப்புப் பொருளான குளூட்டதயோன் பிடித்துக்கொள்கிறது. குளூட்டதயோன் தீர்ந்துபோனால் நாப்கி புரதங்களின் சிஸ்டீன் பகுதிகளில் ஒட்டிக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியப் புரதங்களில் ஒட்டும்போதுதான் அணு சாகும் பாதை திறக்கிறது. இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. திட்டம் போடும்போது இதைவிட உதவுகிற கணக்கு வேறில்லை. 25 கிராம் சுண்டெலிக்கு கிலோவுக்கு 300 மி.கி. கொடுத்தால் உள்ளே போவது 7.5 மி.கி., அதாவது சுமார் 50 மைக்ரோமோல். அதன் கல்லீரல் ஒன்றே கால் கிராம் இருக்கும். நன்றாகச் சாப்பிட்ட சுண்டெலியின் கல்லீரலில் கிராமுக்கு 6 முதல் 8 மைக்ரோமோல் குளூட்டதயோன் இருப்பதாக வைத்துக்கொண்டால், மொத்த இருப்பு 10 மைக்ரோமோலுக்குள் அடங்கிவிடும். இரவெல்லாம் பட்டினி போட்டிருந்தால் அது ஏறக்குறையப் பாதியாகியிருக்கும். கொடுத்த மருந்தில் பத்தில் ஒரு பங்கு நாப்கி ஆனாலே அந்த இருப்பு காலி. சுண்டெலியில் இது நடந்து முடிய அரை மணி, ஒரு மணி நேரம் போதும்.

குளூட்டதயோன் பிடித்த நாப்கி எங்கே போகிறது? இந்தக் கேள்வியில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன. அந்தக் கூட்டுப்பொருள் முதலில் சிறுநீருக்குப் போவதில்லை. எம்ஆர்பி2 என்னும் கடத்தி வழியாகப் பெரும்பாலும் பித்தநீருக்குள் தள்ளப்படுகிறது. அங்கிருந்து குடலுக்குப் போகும் வழியிலும் குடலிலும் சிறுநீரகத்திலும் அதன் குளூட்டாமேட்டும் கிளைசினும் கழன்று சிஸ்டீன் கூட்டுப்பொருளாகிறது. பிறகு அசிட்டைல் குழு சேர்ந்து மெர்காப்சூரிக் அமிலமாகி, தாமதமாகச் சிறுநீரில் வருகிறது. குளூக்குரோனைடின் கதை வேறு. அதில் பெரும்பங்கை எம்ஆர்பி3 கல்லீரலிலிருந்து இரத்தத்துக்கு விடுகிறது. அங்கிருந்து சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. எம்ஆர்பி3 இல்லாத சுண்டெலிகளில் குளூக்குரோனைடு கல்லீரலிலேயே தேங்குகிறது, பித்தநீரில் கூடுகிறது, இரத்தத்தில் குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, நொதி மாறாமல் கடத்தி மட்டும் மாறினாலும் சிறுநீரில் தெரியும் விகிதம் மாறும். சிறுநீரை மட்டும் வைத்திருப்பவர் இதை நொதியின் குறை என்றே படிப்பார்.

மெட்டபாலிக் கூண்டு

இதன் பலம் மொத்தக் கணக்கு. கொடுத்ததில் எவ்வளவு திரும்ப வந்தது என்று சொல்ல இதைவிட நேரான வழி கிடையாது. சுண்டெலி இந்த மருந்தை வேகமாக வெளியேற்றுவதால் 24 மணி நேரத்தில் பெரும்பகுதி வந்துவிடும். அறுவைச் சிகிச்சை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், அதே விலங்கைப் பிறகும் பயன்படுத்தலாம்.

குறைகள் கருவி விற்பவர்கள் சொல்வதைவிட அதிகம். சுண்டெலி ஒரு நாளில் விடும் சிறுநீர் ஒன்றிரண்டு மில்லிலிட்டர்தான். அதில் ஒரு பகுதி புனலின் சுவரில் ஒட்டிக் காய்கிறது. அவ்வப்போது நீர் ஊற்றிக் கழுவி, அந்தக் கழுவுநீரையும் சேர்க்காவிட்டால் மீட்புக் கணக்கு பொய்த்துப்போகும். மலத்தின் மீது பட்ட சிறுநீரில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்களின் பீட்டா-குளூக்குரோனிடேஸ் என்னும் நொதி குளூக்குரோனைடை உடைத்துப் பாராசிட்டமாலாகவே திருப்பிவிடும். அப்போது மாறாமல் வெளியேறிய மருந்து அதிகம் என்று அறிக்கை எழுதுவோம். உண்மையில் அது கூண்டுக்குள் நடந்த வேதியியல். சேகரிக்கும் குழாயைப் பனிக்கட்டியில் வைப்பது இதற்காகத்தான். கம்பித் தளம் இருந்தாலும் சுண்டெலி தன் மலத்தை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்னும். அதனால் மலத்தில் வெளியேறியதில் ஒரு பங்கு மறுபடி உள்ளே போகிறது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் மன அழுத்தமும் குளிரும். கூட்டமாகப் படுக்கை விரிப்பில் வாழ்ந்த விலங்கைத் தனியாகக் கம்பி மேல் நிறுத்துகிறோம். சுண்டெலிக்கு இதமான வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டியது; ஆய்வக அறையோ அதைவிடக் குளிர். முதல் நாளில் சாப்பாடு குறைகிறது, எடை இறங்குகிறது. சாப்பாடு குறைந்தால் குளூட்டதயோன் குறையும் என்று மேலே பார்த்தோம். அதாவது அளக்க வைத்த கூண்டே அளக்கும் பொருளை மாற்றுகிறது. மருந்து கொடுப்பதற்கு முன்பே சில நாள் கூண்டில் பழக்குவது இந்தக் காரணத்தால் கட்டாயம். அவசரத்தில் எல்லோரும் முதலில் வெட்டுவதும் இந்தப் படியைத்தான்.

கூண்டே வேண்டாம் என்பவர்களுக்கு நீர் உறிஞ்சாத மணலின் மேல் விட்டுச் சிறுநீர்த் துளிகளைப் பிப்பெட்டால் எடுக்கும் முறை இருக்கிறது. மன அழுத்தம் குறைவு. மொத்த அளவு தெரியாது, ஆனால் வளர்சிதைப் பொருள்களுக்கு இடையிலான விகிதத்துக்கு மொத்த அளவு தேவையும் இல்லை. சிஸ்டீன் கூட்டுப்பொருளையும் மெர்காப்சூரிக் அமிலத்தையும் கூட்டி, குளூக்குரோனைடால் வகுத்துப் பார்த்தால் ஆக்சிஜனேற்ற வழி கூடியதா குறைந்ததா என்று ஓரளவு சொல்லலாம். பல சமயம் கேள்வியே அவ்வளவுதான்.

பித்தநீர்

நாப்கி உருவாகும் வேகத்தை உயிருள்ள விலங்கில் மிக அருகிலிருந்து பார்க்க வேண்டுமானால் பித்தநீர்தான் இடம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு குழாய் என்று மாற்றிக்கொண்டே போனால் குளூட்டதயோன் கூட்டுப்பொருள் ஏறுவதும், இருப்பு தீரத் தீர இறங்குவதும் கண்ணெதிரே தெரியும். கடத்திகளைப் பற்றிய கேள்வி என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது. கூண்டுச் சிறுநீரை வைத்து எம்ஆர்பி2 பற்றிப் பேசுவது, வாய்க்காலில் வந்த நீரை அளந்து அணையின் எந்த மதகு திறந்தது என்று சொல்வது மாதிரி.

ஆனால் கை தேர்ந்தவர் வேண்டும். சுண்டெலியின் பித்தநாளம் நூல் மாதிரி. பெரிய எலிக்குப் பித்தப்பை கிடையாது, சுண்டெலிக்கு உண்டு. பித்தப்பை நாளத்தைக் கட்டாமல் விட்டால் அதில் தேங்கியிருந்த பழைய பித்தநீரும் கலந்து நேரக் கணக்கைக் குழப்பும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர்தான் சொட்டும். உடல் வெப்பம் இறங்கினால் அதுவும் குறையும்; சூடான விரிப்பு இல்லாமல் தொடங்கவே கூடாது. பித்த அமிலம் குடலுக்குத் திரும்பாமல் வெளியே போய்க்கொண்டிருப்பதால் நேரம் ஆக ஆக ஓட்டம் தானாகவே இளைக்கும். அதை மருந்தின் விளைவு என்று எடுத்துக்கொள்ளாமலிருக்க, மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அறுவை வேண்டும்.

மயக்க மருந்தும் வெறும் பார்வையாளன் அல்ல. பழைய ஈதர், கல்லீரலில் குளூக்குரோனைடு உருவாகத் தேவையான யுடிபி-குளூக்குரோனிக் அமிலத்தின் இருப்பையே குறைக்கும். சிப்2ஈ1 தொடும் வாயு மயக்க மருந்துகளும் இருக்கின்றன. எதைப் பயன்படுத்துகிறோமோ அதைக் கட்டுரையின் முறைப் பகுதியில் ஒளிக்காமல் எழுதுவது அடுத்தவருக்குச் செய்யும் உதவி.

பித்தநீரை வெளியே எடுத்ததும் குடல்-கல்லீரல் சுழற்சி அறுந்துவிடுகிறது. பித்தநீரில் போன குளூக்குரோனைடைக் குடல் பாக்டீரியாக்கள் உடைத்து, விடுபட்ட மருந்து மறுபடி உறிஞ்சப்படும் பாதை இங்கே இல்லை. எனவே பித்தநீர்ச் சோதனையில் வந்த சிறுநீர் எண்ணை, முழு விலங்கின் எண்ணோடு நேருக்கு நேர் வைக்கக்கூடாது. ஒரே அட்டவணையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசையில் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

துளி இரத்தமும் உறைந்த கல்லீரலும்

25 கிராம் சுண்டெலியின் மொத்த இரத்தம் இரண்டு மில்லிலிட்டருக்குச் சற்றுக் கீழே. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமலிருப்பது பொது வழக்கம். முன்பெல்லாம் ஒரு நேரப் புள்ளிக்கு ஒரு குழு என்று சுண்டெலிகளை அடுக்கிக் கொல்வார்கள். இப்போது வாலிலிருந்தோ காலின் சஃபீனஸ் சிரையிலிருந்தோ 10, 20 மைக்ரோலிட்டர் எடுத்தாலே எல்சி-எம்எஸ் கருவிக்குப் போதும். ஒரே விலங்கிடம் ஆறு ஏழு புள்ளிகள் கிடைக்கும். விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாடு வரைபடத்தைக் கலைக்காது. விலங்குகளின் எண்ணிக்கையும் குறையும். நெறிமுறைக் குழு முதலில் கேட்கும் கேள்விக்கும் இதுவே பதில்.

இரத்தம் மருந்து இறங்கும் வேகத்தையும் குளூக்குரோனைடு, சல்பேட் ஏறி இறங்குவதையும் நன்றாகக் காட்டும். நச்சு வழியை அரைகுறையாகத்தான் காட்டும். அதற்குத்தான் கல்லீரல். மருந்து கொடுத்த 15, 30, 60, 120 நிமிடங்களில் சில சுண்டெலிகளின் கல்லீரலை எடுத்து, நொடியும் தாமதிக்காமல் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். குளூட்டதயோன் நிலையாக நிற்கும் பொருள் அல்ல. மேசையில் கிடந்த கல்லீரல் காட்டும் குறைவு மருந்தால் வந்ததா மேசையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே துண்டில் புரதத்தோடு ஒட்டிய பாராசிட்டமாலையும் அளக்கலாம். சுண்டெலியில் அந்த ஒட்டல் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகிறது. கல்லீரல் கெட்டால் இரத்தத்தில் கசியும் நொதியான ஏஎல்டி ஏறுவதும் அணுக்கள் செத்த தடம் நுண்ணோக்கியில் விரிவதும் அதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான்.

இந்த ஒட்டல் கொடுத்த மருந்தில் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். கூண்டுச் சேகரிப்பில் இயல்பாக வரும் பிழையே அதைவிடப் பெரிது. சிறுநீரில் 90 சதவீதம் திரும்பக் கிடைத்ததாலேயே மருந்து பாதுகாப்பாக வெளியேறிவிட்டது என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். வெளியேறியது கேடு செய்வதில்லை, தங்கியது செய்கிறது. தங்கியதை அளக்காத எந்தத் திட்டமும் கல்லீரல் நச்சைப் பற்றிய திட்டம் ஆகாது என்பது என் பிடிவாதம்.

கதிரியக்கக் குறியா, நிறை நிறமாலையா

கார்பன்-14 குறியிட்ட மருந்தின் பெருமை, எதிர்பாராத பொருளாக மாறியிருந்தாலும் எண்ணிக்கையில் தப்பாது என்பது. ஆனால் குறி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். அசிட்டைல் பகுதியில் குறியிருந்தால், அந்தப் பகுதி கழன்று பாரா-அமினோபீனால் உருவாகும்போது குறி அசிட்டேட்டோடு போய்விடும். ஒரு பங்கு மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். வளையத்தில் இருப்பதே பத்திரம். அதையும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியமாக வாங்கினால் வேறு தொல்லை: குளூட்டதயோன் வந்து சேரும் இடத்தில் வளையத்தின் ஒரு ஹைட்ரஜன் வெளியேறியாக வேண்டும். வளையத்தில் நான்கு டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) கொண்ட மருந்தைக் கொடுத்தாலும் இதே கதை. கூட்டுப்பொருளில் மூன்றுதான் மிஞ்சும். கருவியில் நான்கைத் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது.

எந்தப் பொருள்கள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பாராசிட்டமாலுக்கு எல்சி-எம்எஸ் போதும், உரிமத் தொல்லையும் இல்லை. நேர்மின் முறையில் கருவியில் தேட வேண்டிய நிறை எண்கள்: மருந்து 152, குளூக்குரோனைடு 328, சல்பேட் 232, குளூட்டதயோன் கூட்டுப்பொருள் 457, சிஸ்டீன் 271, மெர்காப்சூரிக் அமிலம் 313. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுகோல் பொருள் வாங்கியே ஆக வேண்டும். மருந்தின் அளவுகோலை வைத்து எல்லாவற்றையும் கணக்கிட்டால் எண்கள் எங்கோ போகும். மீட்புக் கணக்கை மோலில் போடுங்கள். குளூக்குரோனைடின் எடை மருந்தின் எடையைப் போல் இருமடங்குக்கும் மேல்; மைக்ரோகிராமில் கூட்டினால் கொடுத்ததைவிட அதிகம் வெளியே வந்ததாகத் தெரியும். புதிய, யாரும் பார்க்காத மருந்து என்றால் மட்டும் கார்பன்-14 செலவுக்குத் தகும்.

எந்த வழியானாலும் கெடுக்கும் சில விஷயங்கள்

மருந்தளவு முதலில். நஞ்சாகாத சிறிய அளவில் கிடைத்த விகிதத்தை நச்சளவுக்கு நீட்டிச் சொல்லக்கூடாது. அளவு ஏறும்போது சல்பேட் வழி முதலில் நிரம்பிவிடுகிறது, ஏனென்றால் சல்பேட்டைக் கொடுக்கும் பாப்ஸ் என்னும் மூலக்கூறின் இருப்பு குறைவு. நச்சளவிலோ கல்லீரல் கெட ஆரம்பித்தபின் கடத்திகளே மாறுகின்றன. எம்ஆர்பி4 கூடுவது தெரிந்த விஷயம். 24 மணி நேரச் சிறுநீர் என்பது நல்ல கல்லீரலும் கெட்ட கல்லீரலும் சேர்ந்து தயாரித்த கலவை. முடிந்தால் முதல் நான்கு மணி நேரத்தைத் தனியாகப் பிரித்து எடுங்கள்.

பட்டினி குளூட்டதயோனை மட்டும் குறைப்பதில்லை. கிளைக்கோஜன் கரைவதால் குளூக்குரோனைடு வழிக்கான மூலப்பொருளும் குறைகிறது. பட்டினி போட்ட குழுவையும் போடாத குழுவையும் ஒப்பிடுவது இரண்டு வேறு கல்லீரல்களை ஒப்பிடுவதுதான்.

கரைப்பான்: ஆய்வகங்களில் வழக்கமான டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு) வேண்டவே வேண்டாம். அது சிப்2ஈ1 வேலையைத் தடுக்கும். மூலிகைச் சாறு ஒன்று சுண்டெலியைக் காப்பாற்றியது என்று சொல்லும் ஆய்வில் சாறு டிஎம்எஸ்ஓவில் கரைக்கப்பட்டிருந்தால், காப்பாற்றியது எது என்று கேட்க எல்லா உரிமையும் உண்டு. பாராசிட்டமால் வெதுவெதுப்பான உப்புநீரில் மில்லிலிட்டருக்கு 15 மி.கி. வரை கரையும். 25 கிராம் சுண்டெலிக்கு அரை மில்லிலிட்டர் வயிற்றறை ஊசியாகப் போட்டால் கிலோவுக்கு 300 மி.கி. என்ற அளவு சரியாக வரும்.

இனம், பால் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பெண் சுண்டெலிகள் ஆணைவிட நன்றாகத் தாங்கும். சி57பிஎல்/6ஜே வகைக்கு என்என்டி என்னும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் குறை உண்டு, 6என் வகைக்கு இல்லை. பாராசிட்டமாலுக்கு இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மரபணு நீக்கிய சுண்டெலி ஒரு வகையிலிருந்தும் ஒப்பீட்டுச் சுண்டெலி இன்னொரு வகையிலிருந்தும் வந்தால் எல்லா வேலையும் வீண். பெரிய எலிக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் உண்டு: பித்தநீர் எடுப்பது எளிது, ஆனால் கல்லீரல் கேடு இந்த மருந்தால் அதற்கு எளிதில் வராது.

எதைத் தேர்ந்தெடுப்பது

கேள்வி, ஒரு புதிய பொருள் பாராசிட்டமாலிடமிருந்து கல்லீரலைக் காக்கிறதா என்பதானால், மூன்றாவது வழியைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். முதல் இரண்டு மணி நேரக் குளூட்டதயோனும் புரத ஒட்டலும் அந்தப் பொருள் நாப்கி உருவாவதையே தடுத்ததா, உருவானபின் காத்ததா என்று பிரித்துவிடும். இது தெரியாமல் 24 மணி நேர ஏஎல்டியை மட்டும் காட்டும் ஆய்வை நான் முழுதாக நம்புவதில்லை.

கேள்வி ஒரு கடத்தியைப் பற்றியதானால் பித்தநீர். கூடவே அதே விலங்கின் கல்லீரலையும் கடைசியில் எடுத்துவிடுங்கள், தேங்கியது எவ்வளவு என்று தெரியும். கை பழகும் வரை மருந்து கொடுக்காமல் வெறும் பித்தநீர் ஓட்டத்தை மட்டும் பாருங்கள். ஓட்டம் சீராக இல்லாதவரை மருந்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டு இனங்களை, அல்லது பழக்கிய உணவுகளை, அல்லது குடல் பாக்டீரியா இருப்பதையும் இல்லாததையும் ஒப்பிட வேண்டுமானால் கூண்டு சரியான கருவிதான். அப்போதும் நஞ்சாகாத அளவில் தொடங்கி, அடுத்து நச்சளவில் ஒரு சிறு குழு வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரே ஒரு குழுவுக்குத்தான் அனுமதியும் பணமும் என்ற நிலையில் என் தேர்வு இப்படி: எல்லாச் சுண்டெலிகளிடமும் முதல் இரண்டு மணி நேரம் துளி இரத்தம், பாதியை இரண்டாம் மணியில் கல்லீரலுக்காக நிறுத்துவது, மீதியை மணலின் மேல் விட்டு 24 மணி வரை சிறுநீர்த் துளிகள், கடைசியில் ஏஎல்டி. மொத்த மீட்பு எண் கிடைக்காது. பாராசிட்டமாலுக்கு அந்த எண் ஏற்கெனவே போதுமான அளவு பிரசுரமாகியிருக்கிறது.